இரண்டாம் அறையில் ஏழு பருத்திச் செடிகள்

போன மாதம் திவ்யா என்று ஒரு பெண் போன் செய்தாள். நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த லேபில் இப்போது இருக்கிறாள். சேலத்துக்காரி. நான் ரிட்டயர் ஆன பிறகு சேர்ந்தவள், என் நம்பரை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறாள். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, இரண்டாம் நம்பர் அறைக்குள் யாரும் தனியாகப் போக மாட்டேன் என்கிறார்கள் அக்கா, என்றாள். செத்துப்போன ஒரு அம்மா அங்கே செடி வளர்த்தாராமே, பாட்டில் மேலே இருந்த தேதி அவர் செத்த பிறகு எழுதினதாமே, உண்மையா என்று கேட்டாள்.

செத்த பிறகு இல்லை, சாவதற்குப் பதினாறு நாள் முன்னால் எழுதினது என்றேன். அவள் மூச்சு விட்டது கேட்டது. ஆனால் செடி வளர்ந்தது உண்மை, முதலில் பார்த்தது நான்தான் என்றும் சொன்னேன். எழுதித் தாருங்கள், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன் என்றாள். அதற்காகத்தான் இது. படித்தால் பயம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். எனக்கே முழுதாகப் போகவில்லை.

நான் கௌதமி. கோலார் தங்க வயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் இருந்தார். சுரங்கம் நொடிக்கத் தொடங்கியதும் எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வீட்டுக்கு ஒருவராவது விடியற்காலை பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். பி.எஸ்சி. பாட்டனி முடித்துவிட்டு நானும் பிடித்தேன். ஆனேக்கல் போகும் வழியில் ஒரு விதைக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். பெயர் வேண்டாம். முதல் இரண்டு வருஷம் பாட்டில் கழுவினேன். அடுத்த இரண்டு வருஷம் மீடியா காய்ச்சினேன், அதாவது செடிக்கான ஜெல்லி உணவு. கல்யாணமாகி பெங்களூர் அடுகோடிக்குக் குடிவந்த பிறகுதான் கத்தியையும் இடுக்கியையும் என் கையில் கொடுத்தார்கள்.

கொடுத்தவர் டாக்டர் பத்மாவதி. எங்களுக்கு மேடம். மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம். ஒல்லியான உருவம், எப்போதும் தணிந்த குரல். கதவைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை, முழங்கையால்தான் தள்ளுவார். மீடியா ஊற்றின ஒவ்வொரு பிளேட்டையும், மூடி போட்ட சின்ன வட்டத் தட்டு அது, எடுத்து, மூடியைத் திறக்காமல், ஓரத்தில் மூக்கை வைத்துப் பார்ப்பார். கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரிவதற்கு முந்தின நாளே அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். நாம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எப்படித் தெரியும்?" அதட்டலாக இருக்காது. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்பார். முகத்தைப் பார்க்காமல் நம் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இந்தக் கேள்விக்குப் பயந்தே நான் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

வேலை என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது. லேபில் அதை அக்ரோ என்போம். செடியில் காயம்பட்ட இடத்தில் நுழைந்து, தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள்ளேயே எழுதிவைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் செல் செடியின் பேச்சைக் கேட்காது. பாக்டீரியாவுக்குத் தீனி சமைத்துப் போட்டுக்கொண்டு கட்டியாக வீங்கும். சேர்ந்த புதிதில் மேடம் ஒரு ரோஜாச் செடியைப் பிடுங்கி வேரில் இருந்த கட்டியைக் காட்டினார். "இது கொல்றதில்ல கௌதமி. குடி வருது" என்றார்.

கட்டி உண்டாக்கும் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்புவதுதான் எங்கள் வேலை. எங்களுக்கு வேண்டியது, தண்ணீர் குறைந்தாலும் பருத்தியை வாடாமல் பிடித்துவைக்கும் ஒரு மரபணு. பருத்தி விதையைக் கழுவி இருட்டில் முளைக்க வைப்போம். ஒரு வாரத்தில் தண்டு சேமியா மாதிரி வெள்ளையாக நீளும். அதை அரிசி நீளத்துக்கு நறுக்கி, கஞ்சித் தண்ணீர் போல் கலங்கியிருக்கும் அக்ரோவில் ஊறவைத்து, காகிதத்தில் ஒற்றி, இரண்டு நாள் இருட்டில் வைப்போம். நடப்பதெல்லாம் அந்த இரண்டு நாளில்தான் நடக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பிறகு இரண்டு மருந்து கலந்த மீடியாவுக்கு மாற்றுவோம். ஒரு மருந்து அக்ரோவைக் கொல்ல. அதன் வேலை முடிந்துவிட்டது, இனி இருந்தால் ஆபத்து. இன்னொரு மருந்து, புது மரபணு ஏறாத செல்களைக் கொல்ல. முக்கால்வாசித் துண்டுகள் பழுப்பாகிச் சாகும். மிச்சம் வீங்கும். இலை இல்லை, வேர் இல்லை, மேலும் இல்லை, கீழும் இல்லை. வெறும் உருண்டை. காலஸ் என்போம். மாதம் ஒருமுறை அதைப் புது மீடியாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு மாதமோ பத்து மாதமோ கழித்து, அதிர்ஷ்டம் இருந்தால், உருண்டையின் மேல் கடுகு மாதிரி கருக்கள் தோன்றும். ஒவ்வொன்றும் ஒரு செடி. பூவும் இல்லை, விதையும் இல்லை, மகரந்தமும் இல்லை. ஒரே ஒரு செல் நினைத்துக்கொண்டு எழுந்து வருவது.

முதல் வருஷம், இந்த உருண்டைகளை வைக்கும் இரண்டாம் அறைக்குள் போக எனக்கு ஒருமாதிரியாக இருக்கும். தட்டுத் தட்டாக நூற்றுக்கணக்கான பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு உருண்டை. முகம் இல்லாத ஒன்று நம்மைப் பார்க்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பழகிவிட்டது.

கரு வருவதும் எல்லாப் பருத்தியிலும் வராது. ஒரு பழைய அமெரிக்க ரகத்தில் வரும். நம் ஊர் ரகங்களில் உருண்டை வருஷக்கணக்காக உயிரோடு இருக்கும், வீங்கும், ஒருநாளும் செடியாகாது. நம் ரகத்தில் நேரடியாக ஒரு செடியை எழுப்பிக் காட்ட வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. பதினைந்து வருஷம் முயன்றோம். ஒன்றும் எழவில்லை.

அந்த வேலையில் எனக்குத் துணையாக வந்தவள் நாகவேணி. ஆனேக்கல்காரி. வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கை அவ்வளவு சுத்தம். அவள் மாற்றின பாட்டிலில் பூஞ்சை வந்து நான் பார்த்ததில்லை. பாட்டில்களைக் கறுப்புத் துணிக்குள் வைக்கும்போது "மலக்கோ" என்று சொல்லுவாள். தூங்கு என்று அர்த்தம். மாதம் ஒருமுறை துணியை விலக்கும்போது "ஏளு" என்பாள். எழுந்திரு. ஒன்றும் எழுந்திருக்காது. "சோம்பேறிங்க அக்கா" என்று சொல்லி மறுபடி துணியைப் போட்டுவிடுவாள்.

நம் ரகத்து உருண்டைகளை அவள்தான் கவனித்துவந்தாள். கடைசியாக இருபத்துநாலு பாட்டில் மிச்சம். ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காலாண்டு முடிந்ததும் பருத்தி வேலையையே நிறுத்திவிடப்போவதாகக் கம்பெனியில் பேச்சு வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் போட்டு அழித்துவிடச் சொன்னார் மேடம். நீராவியில் அழுத்தி வேகவைக்கும் பெரிய குக்கர் அது. நாகவேணி ஒரு வாரம் தவணை கேட்டாள். மேடம் சரி என்றார்.

அந்த வாரத்தில்தான் கொரோனாவின் இரண்டாம் அலை எங்கள் லேபுக்குள் வந்தது. நாலு பேருக்கு வந்ததும் முழுதாகப் பூட்டிவிட்டார்கள். அமெரிக்க ரகத்தை மட்டும் குளிர்பெட்டியில் வைத்தோம். இரண்டாம் அறைக்கு ஏசி, விளக்கு எல்லாம் நிறுத்தம். நாகவேணியின் புருஷன் மஞ்சுநாத் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், அவருக்கு முதலில் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு அவளுக்கு வந்தது. அவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். அவள் வரவில்லை. போன் வழியாகத்தான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது. யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றியதை மஞ்சுநாத்தே தூரத்திலிருந்துதான் பார்த்தாராம்.

ஏழு வாரம் கழித்து லேபைத் திறந்தோம். காலை பத்து மணி இருக்கும். மேடம், நான், வாட்ச்மேன் ஷஃபி பாய் மூன்று பேர்தான். இரண்டாம் அறையைத் திறந்ததும் முகத்தில் அடித்தது வெக்கை. மாஸ்க்கையும் மீறிப் பூஞ்சை வாடை. டார்ச் அடித்துப் பார்த்தோம். எல்லாப் பாட்டிலிலும் கறுப்பும் பச்சையுமாக ரோமம் முளைத்திருந்தது. மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் ஒவ்வொரு தட்டாகக் குறித்துக்கொண்டே போய், மூலையில் கீழ்த்தட்டில் நாகவேணியின் கறுப்புத் துணியை விலக்கினேன்.

இருபத்துமூன்று பாட்டில் செத்திருந்தது. ஒன்றில் செடி இருந்தது.

ஏழு செடிகள். முழுக்க வெள்ளை. இருட்டில் வளர்ந்ததால் பச்சை பிடிக்கவில்லை. நூல் மாதிரி நீண்டு, மேலே இடம் இல்லாமல் மூடியில் முட்டி, வளைந்து, கண்ணாடியை ஒட்டிச் சுற்றிச் சுற்றி இறங்கியிருந்தன. நுனிகளில் அரிசி அளவுக்கு இலைகள், மூடினபடியே. சுற்றிலும் அவ்வளவு பூஞ்சை, இந்தப் பாட்டிலுக்குள் ஒரு புள்ளி இல்லை. டார்ச் ஒளி பட்டதும் செடிகள் லேசாக ஆடினமாதிரி எனக்குத் தெரிந்தது. ஆடியது என் கையாகத்தான் இருக்கும்.

மேடத்தைக் கூப்பிட்டேன். வந்து, குந்தி உட்கார்ந்து, பாட்டிலைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு லேபிளைப் படிக்கச் சொன்னார். நாகவேணியின் கையெழுத்து. மாற்றின தேதியைப் படித்தேன். லேப் பூட்டி ஒன்பது நாள் ஆன ஒரு தேதி அது.

காய்ச்சலில் தேதியைத் தப்பாக எழுதியிருப்பாள் என்றார் மேடம். காய்ச்சல் வந்தது லேபைப் பூட்டின பிறகுதானே என்று நான் சொல்லவில்லை. கேட் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். அந்தத் தேதியில் ஒரு பெயரும் இல்லை. இந்த விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. ஒரு மாதத்துக்குள் அந்தத் தேதி செத்த பிறகு எழுதின தேதியாக மாறிவிட்டது. திவ்யா கேட்ட கதை அங்கிருந்து வந்ததுதான்.

செடிகளைத் தனித்தனிப் பாட்டிலுக்கு மாற்றி வெளிச்சத்தில் வைத்தோம். பத்தே நாளில் பச்சையாகி நிமிர்ந்து நின்றன. நம் ஊர் ரகம், அதிலும் ஏழு. மேடம் ஒரு இலைத் துணுக்கை எடுத்துச் சோதனை செய்தார். நாங்கள் ஏற்றின மரபணு இருந்தது. மற்ற ஆறிலும் இருந்தது. அன்று மத்தியானம் முதல்முறையாக மேடம் கதவைக் கையால் தள்ளிக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன்.

தலைமை அலுவலகத்துக்குச் செய்தி போனது. பருத்தி வேலையை நிறுத்துவது இல்லை என்று பதில் வந்தது. பெரிய அதிகாரிகள் நேரில் வருகிறார்கள், அவர்கள் முன்னிலையில் செடிகளைத் தொட்டியில் நட்டு கிரீன் ஹவுசுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. பதினோரு பேர் வேலை பிழைத்தது. எல்லோரும் நாகவேணியின் பெயரைச் சொன்னார்கள். அவள் போட்டோவைக் கூட்டம் நடக்கும் அறையில் மாட்டலாம் என்று பேச்சு.

எனக்கு மட்டும் அந்தத் தேதி உறுத்தியது. இன்னொன்றும் உறுத்தியது. அந்தப் பாட்டிலில் மீடியா விளிம்புவரை ஈரமாக இருந்தது. மற்ற பாட்டில்களில் காய்ந்து வெடித்திருந்தது. யாரோ மாற்றித்தான் இருக்க வேண்டும்.

ஷஃபி பாயைத் தனியாகக் கேட்டேன். முதலில் தெரியாது என்றார். அடுத்த நாள் அவரே வந்தார். நாகவேணிதான் வந்தாளாம், ஸ்கூட்டரில், தனியாக. கேட்டைத் திறக்கக் கூடாது என்று ஆர்டர் இருந்தது. அரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்று கெஞ்சினாளாம். "நான் என்னாம்மா பண்றது. அந்தப் பொண்ணு கண்ணு செவந்து போயிருந்துச்சு. திறந்துட்டேன். ரெஜிஸ்டர்ல எழுதல, எழுதினா என் வேலை போயிடும்" என்றார்.

உள்ளே ஒரு மணி நேரம் இருந்தாளாம். வெளியே வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, படியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாளாம். ஒன்றைத்தான் மாற்ற முடிந்தது, மிச்சத்துக்குக் கை நடுங்குகிறது என்றாளாம். பிறகு அவர் தயங்கினார். இன்னொன்றும் சொன்னாள், அதை உங்களிடம் சொல்லச் சொன்னாள், பயத்தில் நான் சொல்லவில்லை, என்றார். அவள் சொன்னது இதுதான்: மருந்து கிடைக்கவில்லை, மருந்து இருக்கும் ஃப்ரீசரின் சாவி அக்காவிடம் இருக்கிறது, மருந்தில்லாமல்தான் வைத்திருக்கிறேன்.

ஃப்ரீசர் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. லேபிளில் இருந்த அதே தேதியில் நாகவேணி எனக்கு மூன்று முறை போன் செய்திருந்தாள். என் வீட்டிலும் அப்போது மூன்று பேர் படுக்கை. நான் எடுக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டுக் கேட்டதற்கு, சும்மாதான் அக்கா, என்றாள். குரல் கம்மியிருந்தது. தூங்கு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது எல்லாம் விளங்கியது. செல்லை வடிகட்டுகிற மருந்து இல்லாததால், மரபணு ஏறாமலே உருண்டைக்குள் தப்பிக் கிடந்த செல்லுக்கும் தெம்பு வந்திருக்கிறது. வெக்கையும் இருட்டும் பட்டினியும் சேர்ந்து அதை உலுக்கியிருக்கின்றன. செடி எழுந்துவிட்டது. ஆனால் அக்ரோவைக் கொல்லும் மருந்தும் இல்லையே. ஒன்றரை வருஷம் மருந்திலேயே கிடந்தாலும் உருண்டையின் உள்மடிப்பில் அது ஒன்றிரண்டு பதுங்கியிருக்கும், மருந்து நின்ற அன்று கண் விழிக்கும். செடியில் இருக்கிறது என்று நாங்கள் கண்ட மரபணு செடியுடையதா, செடிக்குள் இருக்கும் அதனுடையதா? அந்தச் சோதனை இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லும்.

அன்றே ஏழு செடியிலிருந்தும் இலைக்காம்பில் ஒரு துண்டு வெட்டினேன். வெளிப்பக்கத்தைச் சுத்தம் செய்து, பாக்டீரியாவுக்குப் பிடித்த சத்தான பிளேட்டில் வைத்து, மிதமான சூட்டில் மூடினேன். இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் செடிகளைப் போய்ப் போய்ப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இலை பளபளவென்று இருந்தது, புதுத் தளிர் விட்டிருந்தது. நோய் என்று ஏதாவது தெரிந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை பிளேட்டைத் திறந்தேன். ஏழு துண்டின் வெட்டுவாயிலும் பாலாடை நிறத்தில் பளபளப்பான சொட்டுகள். ஏழிலும் இருந்தது.

மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஏழு செடியிலும் அக்ரோ உயிரோட இருக்கு மேடம்."

"எப்படித் தெரியும்?"

பிளேட்டை மேஜைமேல் வைத்தேன். நாகவேணி மருந்தில்லாமல் வைத்ததையும், எனக்கு வந்த போனையும் சொன்னேன். ஷஃபி பாயின் பெயரை விட்டுவிட்டேன், மேடம் கேட்கவும் இல்லை. மூடியின் ஓரத்தில் மூக்கை வைத்தார். எடுத்தார். இந்த முறை என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"நமக்கு ரெண்டு பேருக்குத்தான்."

"பிளேட் இங்கயே இருக்கட்டும். நீ போ" என்றார்.

அடுத்த மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிளேட் மேஜைமேல் இல்லை. கிரீன் ஹவுசில் தொட்டிகள் கழுவி அடுக்கப்பட்டன. ரிப்பனும் வாங்கி வந்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கூட வேலை செய்த ஒருவரை நான் சந்தேகப்பட்டேன். அவர் சும்மா இருந்துவிட்டால் நான் எழுந்து சொல்வேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதினோரு பேர் முகமும் கண்முன் வந்தது. சொல்லாவிட்டால், மண்ணில் இதுவரை இல்லாத ஒரு பாக்டீரியா, எங்கள் கையால் எழுதப்பட்ட ஒன்று, செடியோடு சேர்ந்து தொட்டிக்குப் போகும், தொட்டித் தண்ணீரோடு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எழுந்து சொல்லியிருப்பேன் என்று இன்று எழுத ஆசைதான். நிச்சயமாகத் தெரியவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். கூட்ட அறையில் நாகவேணியின் போட்டோ மாலையோடு இருந்தது. நான் கடைசி நாற்காலியில். மேடம் எழுந்து, தன் கைப்பையிலிருந்து அந்தப் பிளேட்டை எடுத்து நடு மேஜையில் வைத்தார். குரல் வழக்கம்போலத் தணிவாகத்தான் இருந்தது.

"இந்த ஜீன் செடியோடது இல்ல. செடிக்குள்ள குடியிருக்கிற பாக்டீரியாவோடது. செடியில ஒண்ணுமே ஏறல. இதைப் பிரிச்சுக் காட்டற டெஸ்டை நான் முதல்லயே செஞ்சிருக்கணும், செய்யல. கண்டுபிடிச்சது கௌதமி. தப்பு என்னுடையது."

அந்த மூன்று நாளும் அவர் அந்த டெஸ்டைத்தான் தன் கையால் மூன்று முறை செய்து பார்த்திருக்கிறார். பின்னால் என்னிடம் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் நீ தப்புன்னு வரணும்னு வேண்டிக்கிட்டேன் கௌதமி."

பருத்தி வேலை அந்த மாதமே நின்றது. ஆறு பேரை அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை வேறு பயிருக்கு மாற்றினார்கள். அனுப்பப்பட்டவர்களில் இரண்டு பேர் இன்றும் என்னிடம் பேசுவதில்லை. மேடம் வருஷக் கடைசியில் தானாகவே விலகிப் போனார்.

செடிகளை அழிக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்கு முன் ஒரு வாரம் அவகாசம் வாங்கிக்கொண்டு, ஏழு செடியின் கொழுந்து நுனியையும், பூதக்கண்ணாடியின் கீழே கடுகில் பாதி அளவுக்கு வெட்டி, மருந்து மீடியாவில் வைத்தேன். அந்த நுனிவரை அக்ரோ ஏறியிருக்காது என்று ஒரு நம்பிக்கை. ஆறு உடனே போய்விட்டது. ஒன்று இருபது நாள் பச்சையாக இருந்து கறுத்தது. வேலை நின்ற பிறகும், மேடம் இருந்தவரை, நம் ரகத்தில் புதிதாக உருண்டை வளர்த்து, நாகவேணி செய்தது போலவே எல்லாம் செய்து பார்த்தோம். மருந்தில்லாமல், இருட்டில், அதே வெக்கையில், அதே ஏழு வாரம். உருண்டைகள் வீங்கின. ஒன்றும் எழவில்லை. அந்த இருபத்துநாலில் அவள் ஏன் அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள், அதில் என்ன பார்த்தாள் என்று யாருக்கும் தெரியாது.

ஏழு செடியையும் நான்தான் ஆட்டோகிளேவில் வைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. நீராவி இறங்கினதும் கதவைத் திறந்தால், கீரை வெந்த வாசனை. எந்த வீட்டு அடுப்படியிலும் வருகிற வாசனை. நான் வெளியே போய் நின்றுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து மஞ்சுநாத் வந்தார், அவளுடைய சாமான்களை எடுத்துப் போக. நுரையீரல் இன்னும் சரியாகவில்லை, பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். லாக்கரிலிருந்து வெள்ளைக் கோட்டு, ரப்பர் செருப்பு, ஒரு டிபன் டப்பா, மார்க்கர் பேனாக்கள் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். அவர் கிளம்பவில்லை. அவள் வைத்த செடி ஏதோ முளைத்ததாமே அக்கா, என்றார். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. உட்காரவைத்து முழுவதும் சொன்னேன். அவள் ஸ்கூட்டரில் வந்ததை, கேட்டில் நின்றதை, எனக்குப் போன் செய்ததை, நான் எடுக்காததை. தேதியையும் சொன்னேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். அன்று அவர் ஆஸ்பத்திரியில் ஆறாவது நாள்.

"அன்னிக்கு மத்தியானம் நான் போன் பண்ணேன் அக்கா. மனேலதான் இருக்கேன், மலகியிருக்கேன்னா. பின்னாடி ஏதோ சத்தம் வந்துட்டே இருந்துச்சு. ஒரே மாதிரி, நிக்காம. அவ குரல்ல நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான், அடுத்த நாள் என்னை ஐசியூக்கு மாத்திட்டாங்க. ஃப்ரிட்ஜ் சத்தம்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் தினம் ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னு கேக்கறேன். அது இல்ல அக்கா. எந்த மிஷின்னே தெரியல."

எனக்குத் தெரிந்தது. நாங்கள் வேலை செய்யும் மேஜையின் பின்னாலிருந்து ஒரு விசிறி காற்றை வடிகட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும், தூசி உள்ளே வராமல் இருக்க. அதற்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கையில் இடுக்கியோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வீட்டில் படுத்திருக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வெளியாட்களை விடக் கூடாது. அன்று விட்டேன். அவள் உட்காரும் மேஜையைக் காட்டினேன். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்று பக்கத்தில் நின்றார். சுவிட்சைப் போட்டேன்.

காற்று வரத் தொடங்கியது. மஞ்சுநாத் கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"இதேதான்" என்றார்.

அணைக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் இருக்கட்டும் அக்கா, என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றேன்.